ஓடாத கிலோமீட்டர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவும் நானும் சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம், அதனால் நலம் என்றே எடுத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், உன் கழுத்துவலி குறைந்ததா, தலையணையை மாற்றச் சொன்னேனே மாற்றினாயா. போனில் பேசலாம் என்றால் ஸ்பீக்கரில் போடச் சொல்லி உன் அப்பா ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் அவர் இரண்டு சொல்கிறார், நீங்கள் இருவரும் வண்டிக் கதை பேசி முடிப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இன்று எங்கள் பல் கிளினிக்கில் டாக்டர் இல்லை, வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து போன் எடுப்பதைத் தவிர எனக்கு வேலையும் இல்லை. நடுவில் யாராவது பல்வலி என்று கூப்பிட்டால் ஒரு வரி கோணலாகப் போயிருக்கும், பொறுத்துக்கொள்.

விஷயம் வண்டிதான். நீ ஊரை விட்டுக் கிளம்பும்போது உன் பெயரில் மூன்று வருஷ லீஸில் எடுத்து, மாத வாடகையை நானே கட்டுகிறேன் என்று எங்களிடம் விட்டுவிட்டுப் போனாயே, அந்த பிளக்-இன் ஹைபிரிட்டுக்கு அடுத்த மாதக் கடைசியோடு கெடு முடிகிறது. திருப்பிக் கொடுப்பதா, மீதி விலையைக் கட்டி நாமே வாங்கிக்கொள்வதா, அல்லது நீ சொல்வதுபோல முழுக்க மின்சாரத்தில் ஓடும் புது வண்டியை மறுபடி லீஸுக்கு எடுப்பதா என்று மூன்று வழி. நீ கலர் கலராகக் கட்டம் போட்டு அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதில் உன் அப்பாவின் குணத்துக்கு ஒரு கட்டம் இல்லையே. அவர் முதல் நாளிலிருந்தே வாங்கிவிடலாம் என்கிறார். ‘பழகின வண்டி, பெட்ரோல் செலவே கிடையாது, இதை விடறவன் முட்டாள்’ என்று பிடித்த பிடியில் நிற்கிறார். அம்மா மட்டும் ஏன் வாயே திறக்கவில்லை என்று போன தடவை நீ கேட்டாய். ஸ்பீக்கரில் அதற்குப் பதில் சொல்ல முடியாது, இப்போது சொல்கிறேன்.

அந்த வண்டி முதலில் சார்ஜில் ஓடும், சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோல் இன்ஜின் தானாக எடுத்துக்கொள்ளும், அதுதான் அதில் சௌகரியம் என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய். உன் அப்பாவுக்கு அது சௌகரியம் இல்லை, மானப் பிரச்சினை. நீரேற்று நிலையத்தில் முப்பது வருஷம் மீட்டர் முள்ளைப் பார்த்தே காலம் தள்ளிய மனுஷன், ஓய்வு பெற்றபின் பார்ப்பதற்கு முள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார், நீ ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாய். இன்ஜின் ஆன் ஆகிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. வெயில் எப்படிக் கொளுத்தினாலும் ஏசி கூடாது, அது சார்ஜைக் குடிக்கிறதாம். பெட்ரோலையும் நிறைய ஊற்ற விடமாட்டார், பெட்ரோல் கனமாம், கனம் ஏறினால் சார்ஜ் சீக்கிரம் தீருமாம். போன வருஷம் ஒரு நாள் காய்கறிக் கடை வாசலில், சார்ஜ் நிறைய இருக்கும்போதே இன்ஜின் தானாக உறும ஆரம்பித்தது. இவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அணைத்தார், போட்டார், மறுபடி உறுமியது, இழுவை வண்டியை வரவழைத்து மெக்கானிக்கிடம் கட்டி இழுத்துக்கொண்டு போனார். மெக்கானிக் சிரித்துவிட்டு, ‘சார், டேங்க்ல பெட்ரோல் பழசாயிடுச்சு, அதை எரிச்சுத் தீர்க்கறதுக்காக வண்டியே ஸ்டார்ட் பண்ணிக்குது, இன்ஜின்னு இருந்தா அது அப்பப்ப ஓடணும் சார்’ என்றாராம். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. சொல்லிவிட்டேன், என்ன செய்வார் பார்க்கலாம்.

சிரித்தது போதும், மிச்சத்தையும் கேள். புதிதில் முழு சார்ஜில் ஐம்பது கிலோமீட்டர் போகும். போய்த் திரும்பவும் வேண்டும் அல்லவா, அதனால் இருபத்தைந்துக்குள் இருக்கிற இடம்தான் எங்களுக்கு உலகம். கிளினிக், மார்க்கெட், நூலகம், ஏரிக்கரைப் பூங்கா, உன் அப்பாவின் சீட்டாட்டக் கூட்டாளி வீடு. தினமும் சார்ஜ் ஏறி இறங்கி பாட்டரி இப்போது நாற்பதுதான் தாங்குகிறது. முதலில் கூட்டாளி வீடு கழன்றது, ‘அவன் ஏமாத்தி ஆடறான்’ என்று அதற்கு ஒரு காரணம். பிறகு பூங்கா கழன்றது, அங்கே கொசுவாம். இப்படியே போனால் இன்னும் சில வருஷத்தில் தெருமுனை வரை போய் ஹாரன் அடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். உன் சித்தி வீடோ ஆரம்பத்திலிருந்தே கணக்கில் கிடையாது, ஒரு பக்கத்துக்கே எண்பது கிலோமீட்டர். போகலாம் என்று நான் ஆரம்பித்தால் ‘போலாம் போலாம், வெயில் குறையட்டும்’ என்பார், வெயில் குறைந்தால் மழை நிற்கட்டும் என்பார். எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் சாவி அவர் சட்டைப் பையில். ஒரு தடவை இரண்டு பஸ் மாறிப் போய்வந்தேன், முட்டி வீங்கிப் படுத்ததோடு அதுவும் நின்றது. எனக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். முன்பெல்லாம் போனில் ‘எப்பக்கா வர்ற’ என்று நச்சரிப்பாள், பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். நச்சரித்தபோது எரிச்சலாக இருந்தது, விட்டபோதுதான் வலித்தது. வண்டியை வாங்குவது எனக்கு விலை விஷயம் இல்லையடி. அதை வாங்கி, இந்தச் சுற்றுக்குள்ளேயே இன்னும் பத்து வருஷம் ஊர்ந்துகொண்டு, என் தங்கச்சியைப் போன் திரையில் மட்டுமே பார்த்துக் காலம் தள்ள வேண்டுமா என்பதுதான் எனக்கு இருந்த கேள்வி.

இரண்டு வாரம் முன்பு லீஸ் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், கெடு முடியும் முன் கீறல், நசுங்கல், டயர் எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டுமாம். கெட்டிக்காரி, குனிந்து நிமிர்ந்து நிதானமாகப் பார்த்தாள். வண்டி ஓடியிருக்கும் கிலோமீட்டரைப் பார்த்ததும் வாயைப் பிளந்துவிட்டாள். இவ்வளவு தூரம் ஓட்டலாம் என்று லீஸில் ஒரு வரம்பு உண்டே, அதில் நாங்கள் மூன்றில் ஒரு பங்குகூட ஓட்டவில்லையாம். உன் அப்பா பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கினவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். ஓட்டாத மிச்சத்துக்கு ஏதாவது திருப்பித் தருவீர்களா என்று நான் கேட்டேன். ‘இல்லம்மா, அதிகமா ஓட்டினா நாங்க கூட வாங்குவோம், கம்மியா ஓட்டினா அது போனது போனதுதான், அந்தக் கிலோமீட்டருக்கும் சேர்த்துத்தான் நீங்க மாசாமாசம் கட்டியிருக்கீங்க’ என்றாள். உன் அப்பா முகத்தில் ஈயாடவில்லை. நான் என் தங்கச்சியைப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டிய தூரம் அத்தனைக்கும் நீ அங்கே கட்டிக்கொண்டிருந்தாய், வண்டி இங்கே வாசலில் ஒயரை மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அவள் போனதும் இவரிடம் சாவியைக் கேட்டேன். எதற்கு என்றார். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போறேன், வர்றதா இருந்தா வாங்க, இல்லேன்னா ஃப்ரிட்ஜ்ல சாப்பாடு இருக்கும் என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ தெரியவில்லை, சாவி கைக்கு வந்துவிட்டது.

நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்கொட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஏசியைப் போட்டேன், பெருமூச்சு விட்டார். பாதி வழியில் சார்ஜ் தீர்ந்து இன்ஜின் ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டார், சத்தியமாகச் சொல்கிறேன். பெட்ரோலும் அடியில் கிடந்ததால் அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன், அங்கேதான் கூத்து. கடைசியாக பெட்ரோல் போட்டு வருஷம் ஆகிவிட்டதா, மூடியை எப்படித் திறப்பது என்பதே இவருக்கு மறந்துவிட்டது. நகத்தால் நெம்புகிறார், உள்ளங்கையால் தட்டுகிறார், பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன, பெட்ரோல் போடும் பெண் ‘சார், இது உங்க வண்டிதானே?’ என்று கேட்டேவிட்டாள். வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் புரட்டி நான்தான் கண்டுபிடித்தேன், உள்ளே ஒரு பொத்தானை அழுத்திவிட்டுச் சற்றுக் காத்திருந்தால் டேங்கில் அடைபட்ட அழுத்தம் இறங்கி மூடி திறந்துகொள்ளும். டேங்கை நிரப்பச் சொன்னேன். ‘ஃபுல்லாவா?’ என்று உன் அப்பா கேட்டாரே ஒரு கேள்வி, அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும்.

சித்தியிடம் சொல்லாமல்தான் போனோம், சொன்னால் வீட்டைத் துடைக்கிறேன் சமைக்கிறேன் என்று கிடந்து அல்லாடுவாள். மணி அடித்ததும் கதவைத் திறந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது. வாங்க என்று சொல்லவில்லை, ‘யாருக்கு என்னக்கா ஆச்சு?’ என்றாள். யாருக்கும் ஒண்ணும் இல்லடி, சும்மா உன்னைப் பார்க்க வந்தோம் என்றேன். நம்பவில்லை. உன் பெயரைச் சொல்லி, ‘அவ நல்லா இருக்காளா, நிஜத்தைச் சொல்லுக்கா’ என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நாங்கள் வாசலில் வந்து நின்றால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றுகிறது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்று அழுதுவிட்டேன், அதைப் பார்த்து அவள் இன்னும் பயந்துபோனாள். அப்புறம்தான் அவள் தலையைக் கவனித்தேன். இடுப்பு வரை இருந்த முடியைக் காதளவுக்கு வெட்டியிருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு போட்டிருந்தாளாம், ஒற்றைக் கையால் வாரிப் பின்ன முடியவில்லை, பின்னிவிட ஆளும் இல்லை, பார்லருக்குப் போய் வெட்டிக்கொண்டு வந்துவிட்டாளாம். கட்டுப் பிரித்தே ஒரு மாதம் ஆகிறதாம். ஏன்டி சொல்லலை என்றால், ‘சொன்னா நீ அங்க தவிப்ப, மாமாவுக்கும் சங்கடம், விடுக்கா, முடிதானே’ என்கிறாள். வீடியோவில் பேசும்போதெல்லாம் தலையில் துண்டு கட்டியிருந்தாள், இப்பத்தான் குளிச்சேன் என்பாள், நானும் நம்பிக்கொண்டிருந்தேன் பார்.

உன் அப்பா எழுந்து வெளியே போனார். மனசு கஷ்டப்பட்டுப் போகிறார் என்று பின்னாலேயே போய்ப் பார்த்தால், துணி துவைக்கும் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சார்ஜ் ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறார். ஒயர் எட்டவில்லை என்று வண்டியைப் பின்னால் எடுத்து அவள் பூந்தொட்டி ஒன்றையும் உடைத்தார். சித்திக்கு அப்போதுதான் சிரிப்பே வந்தது, ‘மாமா கொஞ்சம்கூட மாறலைக்கா’ என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சாயங்காலம் வரை பேசினோம், என்ன பேசினோம் என்று கேட்டால் ஒன்றும் ஞாபகம் இல்லை. திரும்பும்போதும் வழி நெடுக இவர் திரையையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, ‘மெக்கானிக் சொன்னது சரிதான், இன்ஜினைச் சும்மா போட்டா கெட்டுப்போகும், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நல்லா ஓட்டணும், அவ வீட்டுத் தூரம் அதுக்குச் சரியா இருக்கும்’ என்றார். தப்பு என்று ஒப்புக்கொள்வது தலைகீழாக நின்றாலும் அவருக்கு வராது. பரவாயில்லை, எனக்கு இது போதும்.

ஆகவே வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். இவர் புண்ணியத்தில் இன்ஜின் புதுசாகவே இருக்கிறது, கீறலும் இல்லை, இந்த விலைக்கு இப்படி ஒரு வண்டி வெளியே கிடைக்காது என்று மெக்கானிக்கும் சொல்கிறார். நீ சொன்ன முழு மின்சார வண்டி வேண்டாம், அதில் நானூறு கிலோமீட்டர் சார்ஜ் இருந்தாலும் உன் அப்பா இருநூறாவதில் வியர்த்துப்போவார். ஆனால் வண்டி என் பெயரில்தான் இருக்கும். நாங்கள் இருவரும் ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்கிறோம், நீ எதுவும் அனுப்பக் கூடாது, இதில் பேச்சே கிடையாது. சாவி இனிமேல் கதவருகே ஆணியில் தொங்கும், அந்த ஆணியை அவரே முனகிக்கொண்டே அடித்தார். நேற்றும் சித்தி வீட்டுக்குப் போய்வந்தோம், இந்தத் தடவை கதவைத் திறந்தவள் முதலில் பூந்தொட்டியைத்தான் தள்ளி வைத்தாள்.

ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும், இது என் ஆசி, உன் அப்பாவின் ஆசியையும் இதிலேயே சேர்த்துக்கொள். மறக்காமல் ஒன்று. லீஸ் உன் பெயரில் இருப்பதால் என் பெயருக்கு மாற்ற உன் கையெழுத்து வேண்டும், மெயிலில் வந்தாலே போதும் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். உன் அப்பாவோ, ‘நேர்ல வந்துதான் போடணும்னு சொல்லிடலாமா, அந்தச் சாக்குலயாவது வருவா’ என்று என்னிடம் யோசனை கேட்கிறார். நான் கூடாது என்றுவிட்டேன். கையெழுத்தை மெயிலிலேயே அனுப்பு. நீ போய் மூன்று வருஷம் முடிகிறது, ஒரு நாள் திடீரென்று நீ வாசலில் வந்து நின்றால் நானும் சித்தி கேட்டதைத்தான் முதலில் கேட்பேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வண்டிக்காக வராதே, எங்களில் ஒருவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அடித்துப் பிடித்தும் வராதே. யாருக்கும் ஒன்றும் ஆகாத ஒரு நாளில் சும்மா வா.

இப்படிக்கு,
அம்மா