பின்னால் யாரும் இல்லை

8.2.2015, ஞாயிறு

முதல் ஷிப்ட் முடிந்து நேராக வாலிபால் கிரவுண்டுக்குப் போனேன். எங்கள் செக்‌ஷன் செல்வம் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தான்.

"நீங்களும் செய்யுங்கண்ணே. எட்டு மணி நேரம் உக்காந்தே மெஷின் ஓட்டிட்டு வர்றீங்க."

"மைன்ஸ்ல ஏறி இறங்குற காலுடா இது" என்றேன். மெஷின் கேபினுக்கு ஏறுவது ஷிப்டுக்கு ஒரே தடவை.

முதல் பந்துக்கே எகிறினேன். குதிகாலுக்கு மேலே யாரோ ஓங்கி உதைத்த மாதிரி இருந்தது. பின்னால் ஆடுபவன் செல்வம்தானே என்று, திரும்பிக்கூடப் பார்க்காமல் அவன் அம்மாவை இழுத்துத் திட்டிவிட்டேன். அவன் பத்தடி தள்ளி நின்றிருந்தான்.

யாரும் உதைக்கவில்லை, குதிகால் தசைநார்தான் அறுந்துவிட்டதாம். நாளைக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கு என்னை முதுகில் சுமந்து வந்தவன் செல்வம்தான். ராத்திரிக்கு அவன் அம்மா இட்லி கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்.

டப்பாவை இன்னும் திறக்கவில்லை.