நட்சத்திர ஆட்டத்துக்கு வந்த கூட்டம்

14 டிசம்பர், ஞாயிறு

லா சப்பலில் தமிழ் உதைபந்தாட்டக் கழகங்களின் கூட்டத்துக்கு, பத்திரிகைக்குச் செய்தி எழுதுபவனாகப் போயிருந்தேன். எல்லாக் கழகங்களின் சிறந்த வீரர்களையும் சேர்த்து ஆண்டுதோறும் நடத்தும் நட்சத்திர ஆட்டத்துக்குப் பதிலாக என்ன வைக்கலாம் என்று பேசினார்கள்.

"ஒருத்தரும் ஓடுறேல்லை. திங்கக்கிழமை வேலையெண்டு காலைப் பொத்திப் பொத்தி நடக்கினம். பெனால்டிப் போட்டி வைப்பம்," என்றார் செயலாளர் ரமணன்.

"நாப்பது தாண்டினவையை இறக்குவம்," என்றார் ஒருவர்.

"அப்ப அம்புலன்சையும் இறக்கவேணும்!" என்றார் இன்னொருவர்.

தலைவர், போன ஆட்டத்தைப் பற்றி நான் எழுதிய செய்தியை எடுத்து வாசித்தார். "'பெருந்திரளான ரசிகர்கள்' எண்டு போட்டிருக்கு. சனம் வருகுதுதானே? என்ன அண்ணை?"

அந்த ஆட்டத்தன்று மழை. என்னோடு சேர்த்து ஒன்பது பேர்தான் நின்றோம். எண்ணிவிட்டுத்தான், வழக்கமான சொல்லை எழுதினேன்.

"ஓம்," என்றேன். ஆட்டம் தொடரும் என்று முடிவாயிற்று.

ஆட்டம் நடக்கும் அந்த ஒரு ஞாயிறில்தான் யாராவது என்னைக் கூப்பிட்டு, தேத்தண்ணி தந்து, பக்கத்தில் நின்று பேசுகிறார்கள். மற்ற ஞாயிறுகளில் அறையை விட்டு நான் இறங்குவதே இல்லை.

வெளியே வந்தபோது ரமணன் என் தோளில் கைவைத்தார். "அண்ணை, வாற முறை நான் பெரிய குடையாக் கொண்டுவாறன்."

அந்த ஒன்பது பேரில் அவரும் ஒருவர். மெத்ரோ ரயில் நிலையப் படிகளில் ஏறிவிட்டேன்.