ஆறாவது நோக்கத்தை அடித்தது நான்தான்

அன்பு மாப்ள அருளு,

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் உன்னிடம் வேறு எதுவும் பேச முடியாது. நீ எழுதி வைத்த ஆறு கற்றல் நோக்கங்களில் ஆறாவதை அடித்துவிட்டேன். துறைத்தலைவர் அம்மா அடிக்கவில்லை, பாடத்திட்டக் குழுவும் அடிக்கவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது.

நீ இருந்திருந்தால் கத்தியிருக்க மாட்டாய். "என்ன மச்சான், அம்புட்டுத்தானா?" என்று கேட்டுவிட்டு ரெண்டு நாள் என்னோடு டீ குடிக்க வர மாட்டாய். இருபத்திரண்டு வருஷம் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஓவியம் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம். உன் கோபத்தின் அளவு எனக்குத் தெரியும்.

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரத்தில் மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் நீ, திரும்பி வரவில்லை. ஏழு மாதம் ஆகிறது. உன்னுடைய இரண்டாம் ஆண்டு ஓவிய வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். முதலாண்டு என்றால் கோடு போடச் சொல்லிக் கொடுக்கலாம். மூன்றாம் ஆண்டு என்றால் அவரவர் பாட்டுக்கு வரைந்துகொள்வார்கள். இந்த நடுவாண்டுதான் தொல்லை. கை வந்துவிட்டது என்று பிள்ளைகள் நினைக்கிற வருஷம். கண் இன்னும் வரவில்லை என்று அவர்களிடம் யார் சொல்வது?

இந்த வருஷம் புதிதாக ஒரு படிவம் வந்திருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் நோக்கங்களை அதில் எழுத வேண்டும். எழுதினால் மட்டும் போதாது, ஒவ்வொன்றையும் எப்படி அளப்போம் என்றும் எதிரில் எழுத வேண்டும். எந்தெந்த வினைச்சொல்லைப் போடலாம் என்று ஒரு பட்டியல் வேறு. 'உணர்வார்' கூடாது. 'அறிவார்' கூடாது. 'வரைவார்', 'ஒப்பிடுவார்', 'விளக்குவார்' என்றால் சரி. நம்மை அந்தப் பட்டியலில் போட்டுத் தேடினால் நாமே இருக்க மாட்டோம் போல.

நீ திருவிழா நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போனேன். முதல் ஐந்துக்கும் சிக்கல் இல்லை. அளவு, தூரம், வெளிச்சம், உடல், தன் படத்தில் உள்ள தப்பைத் தானே கண்டுபிடிப்பது. வினையை மாற்றி ஒப்பேற்றிவிட்டேன். ஆறாவதுதான் மாட்டிக்கொண்டது. 'ஒரு வாரம் முன்பு பார்த்த ஒன்றை, அது எதிரில் இல்லாமல் வரைய வேண்டும்.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறாய். எப்படி மதிப்பெண் போடுவது என்று அரை வரி கிடையாது.

"சார், இதை எப்படி அளப்பீக?" என்று துறைத்தலைவர் அம்மா கேட்டார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள். "ஞாபகத்துல இருந்து வரையிறான்னு வைங்க. சரியா இருக்கா இல்லையான்னு எதை வச்சுச் சொல்லுவீக? பக்கத்துல வச்சுப் பாக்க ஒண்ணும் இருக்காதே."

இதற்குப் பதில் உனக்குத் தெரிந்திருக்கும். நீ சொல்லாமல் போய்விட்டாய். பசி நேரம், வாதாடத் தெம்பில்லை. அடித்துவிட்டு வந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தேன்.

ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது, மாப்ள. உன்னிடம் பொய் சொல்வானேன்? இந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆறாவது நோக்கமா? கட்டம் போடாமல் இவர்களுக்குக் கை நகராது. போனில் ஒரு முகத்தை வைத்து, அதன்மேல் கட்டம், தாளிலும் கட்டம். அப்புறம் ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டியது. நடிகர் முகம், தலைவர் முகம், கல்யாணப் பெண்ணின் முகம், எல்லாம் அச்சு அசல். ஊரில் கைதட்டு வாங்கிவிட்டுத்தான் நம்மிடம் வருகிறார்கள்.

போன மாதம் கம்பம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பந்தலுக்குக் கீழே நின்று, கொடி எப்படிக் கம்பியைப் பிடிக்கிறது என்று ஒரு மணி நேரம் பார்க்கச் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் ஒருத்தரையும் காணோம். எல்லாரும் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அங்கன எறும்பு கடிக்குது சார். போட்டோ எடுத்துட்டோம்" என்றான் ஒருவன்.

"எல்லாரும் எடுத்தீகளாடா?"

"இல்ல சார், ஒருத்தன் எடுத்தான். குரூப்ல போட்டுட்டான்."

முப்பத்தோரு படம் வந்தது. முப்பத்தொன்றிலும் ஒரே கொடி, ஒரே இலை, இலையில் ஒரே ஓட்டை. எதற்கு நான் பஸ் வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன்? நோட்டீஸில் எழுதியது உனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இதையெல்லாம் நீ எப்படிச் சமாளித்தாய்?

சரி, இப்போது கஷ்டமானதைச் சொல்கிறேன்.

உன் முப்பதாம் நாள் கூட்டத்துக்குப் பிள்ளைகள் உன் படத்தை வரைந்து வைத்தார்கள். பாண்டீஸ்வரி வரைந்தது. கடமலைக்குண்டிலிருந்து வருகிற பெண், வகுப்பில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மூன்று வாரம் உட்கார்ந்து மீசையில் ஒவ்வொரு முடியாகப் போட்டிருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் அருள் சார் எழுந்து வந்து பேசுவார் போல இருக்கிறது என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

ஆனால் அது நீ இல்லை. சுற்றுலா போனபோது யாரோ கையை நீட்டிப் போனில் எடுத்த படத்தைப் பார்த்து அவள் வரைந்திருக்கிறாள். அவ்வளவு கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெருத்துத் தெரியும், காது பின்னால் ஓடிப்போகும். இது முதல் பருவத்திலேயே நாம் சொல்லிக் கொடுக்கிற விஷயம். ஒரு ஓவியத் துறையே நின்று பார்த்தது. ஒருவர் வாயிலும் அது வரவில்லை. என் வாயிலும் வரவில்லை.

உன் வீட்டுக்காரி மரியாதான் சொன்னாள். படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "நல்லாத்தான் வரைஞ்சிருக்காக அண்ணே. ஆனா இது அவுக இல்ல. நீங்க ஒண்ணு வரைஞ்சு குடுங்க. நவம்பர்ல வர்ற கல்லறைத் திருநாளுக்கு வைக்கணும். அவுக மூஞ்சி என்னைய விட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். பகல் பூரா எதுத்தாப்புல உக்காந்திருந்தது நீங்கதான்."

ஆகட்டும் தாயி என்று சொல்லிவிட்டேன்.

நாளைக் கடத்திக்கொண்டே வந்து, போன வாரம்தான் வீட்டில் உட்கார்ந்தேன். போன் இல்லை, படம் இல்லை. கரியும் தாளும் மட்டும். எனக்கு வரவில்லை, அருளு. நெற்றி வந்தது. மூக்குக் கண்ணாடி வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. உனக்கு எந்தப் புருவம் மேலே? சிரித்தால் பல் தெரியுமா, தெரியாதா? எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டாய், எந்த டீக்கடையில் சர்க்கரை கூட, உன் அண்ணனோடு ஏன் சண்டை, எல்லாம் தெரியும். முகம் தெரியவில்லை.

முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. ஒரு நாளாவது அசையாமல் உட்கார்ந்திருந்தாயா? ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். பிறகுதான் உறைத்தது. வருஷா வருஷம் பிள்ளைகளை ஜோடி ஜோடியாக உட்காரவைத்து ஒருத்தரை ஒருத்தர் வரையச் சொன்னோம். நீ இந்த வரிசையைப் பார்ப்பாய், நான் அந்த வரிசையைப் பார்ப்பேன். நாம் இரண்டு பேரும் ஒரு தடவைகூட எதிரெதிரே உட்கார்ந்து வரைந்ததில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

பத்துத் தாளைக் கிழித்தேன். பதினோராவது தாளில் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. போனை எடுத்தேன். உன் போட்டோவைத் திறந்தேன். ஸ்கேலை வைத்துக் கட்டம் போட ஆரம்பித்தேன். உன் கண்ணுக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்ததும் கை நின்றுவிட்டது. போனை அணைத்துவிட்டேன். மரியாவுக்கு இதைக் கொடுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். பாண்டீஸ்வரியை விட நான் எதில் உசத்தி?

மறுநாள் வகுப்பில் போன்களையெல்லாம் பைக்குள் போடச் சொன்னேன். "அருள் சாரை வரையுங்க. போட்டோ கிடையாது. போன வருஷம் முதல் பருவம் பூரா பாத்திருக்கீக இல்ல, அதை வச்சு வரையுங்க" என்றேன். ஒரே முணுமுணுப்பு. மார்க் உண்டா என்றார்கள். தெரியாது என்றேன். நானும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரத்தில் வந்ததெல்லாம் கண்றாவி. முகம் ஒருத்தருக்கும் வரவில்லை, எனக்கும்தான். ஒருவன் வரைந்தது உன்னை விட நம் வாட்ச்மேனைப் போல இருந்தது. ஆனால் ஒரு தாளில் நீ ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்பது அப்படியே இருந்தது. இன்னொன்றில், தப்பான கோட்டைக் காட்டும்போது தாளைத் தொடாமல் ஒரு விரற்கடை மேலே நிற்குமே உன் விரல், அது இருந்தது. நானே மறந்துபோனது அது.

பாண்டீஸ்வரி முக்கால் மணி நேரம் வெறும் தாளை வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மளமளவென்று வரைந்தாள். உன் முதுகு. யாருடைய தாளுக்கோ குனிந்திருக்கிறாய். பிடரியில் இரண்டு மடிப்பு, ஒரு பக்கம் மடங்கிப்போன காலர், பின்னால் கட்டிய இடது கை. மூஞ்சி ஏன் இல்லை என்று கேட்டேன்.

"எனக்கு அதான் சார் தெரியும். நான்தான் நல்லா வரையிறேனேன்னு சார் எங்கிட்ட வந்ததே இல்ல. முன் பெஞ்சுல எல்லாருக்கும் சொல்லிக் குடுப்பாக. நான் பின்னாடி இருந்து பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றாள். குரலில் குறை சொல்கிற தொனி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏன் மாப்ள அப்படிச் செய்தாய்? அழகாகக் கட்டம் நிரப்புகிற பிள்ளைக்கு உன்னால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டாயா? நீ இருந்தால் இதற்கு உன்னோடு பெரிய சண்டையே போட்டிருப்பேன். நானும் அவளை அப்படித்தான் விட்டுவைத்திருந்தேன் என்பது வேறு விஷயம். இப்போது நீயும் இல்லை, சண்டையைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே துறைத்தலைவர் அம்மாவிடம் போனேன். எதுவும் சொல்லாமல் மேசைமேல் வைத்தேன். ஏதோ கையெழுத்து என்று நினைத்துப் பேனாவோடு குனிந்தவர் பேனாவை மூடினார்.

"அருள் சாராச்சே இது" என்றார்.

"எப்படித் தெரியும் மேடம்? மூஞ்சியே இல்லையே. பக்கத்துல வச்சுப் பாக்கவும் ஒண்ணும் இல்ல" என்றேன்.

மேசை இழுப்பறையைத் திறந்தார். பிறகு படிவத்தை என் பக்கம் தள்ளினார். "'வரைவார்'ங்கிறது பட்டியல்ல இருக்குல்ல சார். எழுதுங்க. அளக்குறதுக்கு நேரா, சம்பந்தப்பட்டவரை அறிந்த ஒருவர் அடையாளம் காண வேண்டும்னு போடுங்க. குழுவுல கேள்வி கேப்பாக. நீங்கதான் வந்து பதில் சொல்லணும்."

எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. அங்கே மறுபடி அடித்தாலும் அடிப்பார்கள். எனக்கு நம்பிக்கை பாதிக்குப் பாதிதான். ஆனால் இந்தத் தடவை பேனா என் கையில் இருக்காது.

பாண்டீஸ்வரி பக்கத்தில் இனி வாரம் ஒரு நாள் ஸ்டூலைப் போட்டு உட்காரப் போகிறேன். மரியாவிடம் முதுகைக் கொண்டுபோய்க் காட்டி ஒப்பேற்ற மாட்டேன். அவள் கேட்டது உன் முகம். தினம் ஒரு தாள் போட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று இடது புருவம் வந்த மாதிரி இருந்தது, இன்று காலையில் பார்த்தால் அது என் தம்பியுடையது.

கல்லறைத் திருநாளன்று ராயப்பன்பட்டியில் உன் கல்லறைக்கு வருவேன். அதற்குள் உன் முகம் வந்திருந்தால் படத்தோடு வருவேன். வராவிட்டால், இருபத்திரண்டு வருஷம் எதிரில் உட்கார்ந்தும் அவனை நான் சரியாகப் பார்க்கவில்லை தாயி என்று மரியாவிடமே சொல்லிவிடுவேன். கட்டம் மட்டும் போட மாட்டேன்.

மரியாவுக்கு அண்ணனும், அந்த முறையில் உனக்கு மச்சானுமான
தங்கராசு