ஐந்து மணிக்குக் காலியாகும் கட்டில்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பெரியவளும் சின்னவனும் சுகம். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான்காவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் உங்கள் அப்பா பேச்சை எடுத்தாலே உங்களுக்குச் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்த வசதி கிடையாது. அடுத்த தெரு டிரைவர் அண்ணன் லீவு முடிந்து நாளை மறுநாள் அங்கே கிளம்புகிறார். இதை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, படித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

மாமா போன செவ்வாய்க்கிழமை விழுந்துவிட்டார். விலா எலும்பில் கீறல். மார்பில் நீர் கோத்திருக்கிறது, எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியும், சாயங்காலம் ஐந்து மணியானால் எழுந்துவிடுகிறார். போர்வையை மடிக்கிறார், தலையணையைத் திருப்பிப் போடுகிறார், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறார். அப்படிப் போகும்போதுதான் விழுந்தார். படுக்கையில் விழுந்த இந்த இரண்டு மாதமாக இதே கூத்து. என் மேல் ஏதோ கோபம், நான்தான் வாய் தவறி எதையோ சொல்லிவிட்டேன் என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "உங்க வீடு, உங்க கட்டில், யாரு மாமா உங்கள எழுப்பறாங்க?" என்று கத்தியே விட்டேன். அவர் பதறிப்போய், "மெதுவாப் பேசும்மா, அவன் வர்ற நேரம். அலுத்துப்போய் வருவான்" என்றார்.

சில நேரம் புத்தி பழைய காலத்துக்குப் போய்விடுகிறது, சில நேரம் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறார். தெளிவாக இருந்தபோது அந்த 'அவன்' யார் என்று கேட்டேன். பத்தொன்பது வயதில் பிழைப்புத் தேடிக் கடல் தாண்டிப் போனாரே, அந்தப் பாட்டில் தொழிற்சாலையில் உலையை அணைக்கவே மாட்டார்களாம். ராத்திரியும் பகலும் வேலை. எட்டுக் கட்டில் போட்ட அறையில் பதினாறு பேர். மாமாவுக்கு ராத்திரி வேலை, அதனால் காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை கட்டில் அவருடையது. ஐந்துக்கு மேல் பகல் வேலைக்காரர் ஒருவருடையது. அவருக்கு மாமா வைத்த பெயர் 'கட்டில் பங்காளி'. இருபத்தாறு வருஷம் ஒரே கட்டில், ஒரே தலையணை, அதில் ஆளுக்கு ஒரு பக்கம். தினமும் கால் மணி நேரம் பார்த்துக்கொள்வார்களாம், அதுவும் யாராவது ஒருத்தர் கொட்டாவி விட்டுக்கொண்டு. "உங்க அத்தைகூட இருந்ததவிட அவன்கூடத்தாம்மா நான் அதிகம் குடும்பம் நடத்தினேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

மாமாவுக்கு அங்கே என்ன வேலை என்றாவது உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் இத்தனை நாள் தெரியாது. வெளிச்சப் பலகைக்கு முன்னால் வரிசையாக ஓடும் பாட்டில்களைப் பார்த்து, கீறல் உள்ளதைத் தட்டிவிட வேண்டும். இப்போதும் மருந்து பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "கழுத்துல குமிழி இருக்கு. இத எந்தத் தூங்குமூஞ்சி பாஸ் பண்ணினான்?" என்கிறார். ஒரு மூடி மருந்தைக் குடிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

போன மாதம் அப்பாவை ஒரு எட்டு வந்து பாருங்கள் என்றேன். "எங்கம்மா செத்தப்ப அவரு வந்தாரா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். பத்து வயதில் அம்மாவைத் தனியாக நின்று அனுப்பி வைத்தவர் நீங்கள். அந்த வலியை நான் குறைத்துப் பேச மாட்டேன். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். நான் தோண்டித் துருவிக் கேட்டதல்ல, அவராகச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி ஆகியும் எழாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "இன்னைக்கு உங்க பங்காளி வரலையா மாமா?" என்று கேட்டேன். "வந்துட்டான். கீழ படுத்துக்கிட்டான்" என்றார். அப்புறம் விட்டு விட்டுச் சொன்னார். அத்தை போய்விட்டதாகத் தந்தி வந்தபோது, ராத்திரி வேலை முடித்து அப்போதுதான் அறைக்குள் நுழைந்தாராம். பாஸ்போர்ட்டை மேலாளரிடம் கெஞ்சி வாங்கி, டிக்கெட் கிடைத்து, ஊர் வந்து சேர ஒரு வாரம் ஆகும். போனால் முகம் பார்க்க முடியாது, திரும்பினால் வேலையும் இருக்காது என்று தானே முடிவு செய்து, போகவில்லை. சாயங்காலம் பங்காளி வந்து பார்த்துவிட்டு, மாமாவை எழுப்பாமல், சிமெண்டுத் தரையில் துண்டை விரித்துப் படுத்தாராம். இருபத்தாறு வருஷத்தில் மாமா கட்டிலைக் காலி செய்யாதது அந்த ஒரு நாள்தான்.

"அவ முகத்தப் பாக்க முடியாதுன்னு மட்டுந்தான் யோசிச்சேன். அங்க பையன் ஒருத்தன் நிக்கிறானேன்னு தோணல பாரு. செத்தவளுக்காக இல்லன்னாலும் அவனுக்காகப் போயிருக்கணும். பெரிய தப்புப் பண்ணிட்டேம்மா" என்று வாய்விட்டு அழுதார். மாமா அழுது நான் பார்த்ததே இல்லை. நானும் அழுதேன், மறைக்கவில்லை.

என்னங்க, நான் அவருக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. உங்கள் கோபம் நியாயம்தான். மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் அந்தக் கோபத்தை நேரில் வந்து அவரிடமே கொட்டுங்கள். கேட்டுக்கொள்ள அவர் இன்னும் இருக்கிறார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாக்க வேண்டியவங்கள சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்றார். எத்தனை நாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாதக் கடைசியில் வேலை ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போவதாகச் சொன்னீர்கள். அதைப் பற்றி அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம். முதலில் பத்து நாள் லீவு கேளுங்கள்.

இன்று காலை, நல்ல தெளிவோடு இருக்கும்போது, "அவன் வருவானா?" என்று கேட்டார். நீங்கள் போன நாளிலிருந்து ஒரு தடவைகூட அவர் இதைக் கேட்டதில்லை. இந்த வீட்டுக்கு வந்த பன்னிரண்டு வருஷத்தில் நானும் அவரிடம் பொய் சொன்னதில்லை. இன்று சொல்லிவிட்டேன். "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வர்றாரு மாமா, டிக்கெட் போட்டாச்சு" என்றேன். கொஞ்ச நேரம் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, இந்தத் தாடியோடு பையன் பார்க்க வேண்டாம், முடி வெட்டுகிறவரைக் கூப்பிடு என்றார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி