மண்டுவுக்கு வேலை கொடுத்தேன்

மார்ச் 4
“யார்கிட்டம்மா பேசிட்டு இருந்தே?”
காலையில் மகள் கேட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து சமையலறை வாசலில் நிற்கிறாள். நானோ குக்கர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் ரப்பர் வளையம் ஏன் நழுவுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.
மண்டுவிடம் என்றேன். அவள் முகம் போன போக்கு!
அப்பா போனதிலிருந்தே இப்படித்தானா என்றாள். இல்லை, எனக்கு நாலு வயதானதிலிருந்து. நானாகக் கற்பனையில் செய்துகொண்ட தோழி. இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ? ஏன் கூடாது?

மார்ச் 5
வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நான் அவளோடு போய்விட வேண்டுமாம். தரகரிடம் பேசியாயிற்று. என்னிடம் பேசத்தான் நேரம் கிடைக்கவில்லை.
டாக்டரைக் கேட்போம், அவர் ஒன்றுமில்லை என்றால் என்னை விட்டுவிடு என்றேன். ஒப்புக்கொண்டாள்.

மார்ச் 7
சின்ன வயதில் அம்மாவும் இதையேதான் சொன்னாள்: “பெரிய பொண்ணாயிட்டே, அவளை அனுப்பிடு.” எங்கே அனுப்புவது? வளர்வதென்றால் ஒவ்வொன்றாகக் கைகழுவுவதா? நான் அனுப்பவில்லை. டீச்சர் வேலை கிடைத்ததும் அவளுக்கும் ஒரு வேலை கொடுத்தேன்: வகுப்பில் என் வாயால் தப்புப் பதில் சொல்வது.
உதாரணத்துக்கு, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால்? ஐந்தில் இரண்டு என்பாள் மண்டு. அவளைத் திருத்த வகுப்பே கை தூக்கும். தப்பெல்லாம் அவள் கணக்கில் போனது. பிள்ளைகள் கூச்சமில்லாமல் படித்தார்கள்.

மார்ச் 9
தம்பி போன் செய்தான். “அக்கா, பாட்டுப் பாடிட்டு இருந்தேன்னு சொல்லித் தொலையேன். வீடாவது மிஞ்சும்.”
நியாயம்தான். ஆனால் — வேலை பார்த்த காலமெல்லாம் எனக்காகத் தப்புத் தப்பாகப் பதில் சொன்னவளை ஒரு டாக்டர் முன்னால் இல்லை என்பதா? மாட்டேன்.

மார்ச் 11
டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். கணக்கு டீச்சரிடம்! இரண்டு வரை இறங்கிவிட்டு, மைனஸிலும் போகட்டுமா என்று கேட்டேன். போதும் என்றார்.
பிறகு மண்டுவைப் பற்றி, “அவங்க பதில் சொல்வாங்களாம்மா?”
“சொல்வா. பெரும்பாலும் தப்பா.”
மகள் கண்ணை மூடிக்கொண்டாள். வீடு கைவிட்டுப் போயிற்று என்றே நானும் நினைத்தேன்.
“அவங்க நிஜம் இல்லைன்னு தெரியுமா?”
“எனக்குத் தெரியும் டாக்டர். அவளுக்குத்தான் தெரியாது.”
சிரித்துவிட்டார். எல்லாம் தெளிவாக இருக்கிறது, தனியாகவே இருக்கட்டும் என்று மகளிடம் சொன்னார்.

மார்ச் 16
இன்று கிளம்பிவிட்டாள். தரகரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டாளாம். காரில் ஏறும்போது, “பேசறதுன்னா ஜன்னலைச் சாத்திட்டுப் பேசும்மா, தெருவுக்கே கேக்குது” என்றாள். என் கையை ஒரு நிமிடம் விடவும் இல்லை.
கார் திரும்பியதும் உள்ளே வந்து ஜன்னல் கதவு இரண்டையும் விரியத் திறந்தேன். புதுப் போனில் எழுத்தைப் பெரிதாக்கும் வழி பிடிபடவே இல்லை. மண்டுவை எதிரே உட்காரவைத்து முதலிலிருந்து விளக்கினேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.
எதுவாவது பிடிபடாமல் அடம்பிடித்தால், எல்லாவற்றையும் தப்பாகவே புரிந்துகொள்ளும் ஒருத்தியை எதிரே உட்காரவைத்து அதை உரக்க விளக்கிப் பார்.