பார்த்தாச்சு

ஜூலை 3, வியாழன்

இன்றும் டீயைத் தனியாகத்தான் குடித்தேன். மீட்புக் குழு மொத்தமும் வண்டிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நான் போனதும் பேச்சு நின்றது. திரும்பி வந்ததும் சிரிப்பு கேட்டது.

எல்லாம் போன வாரப் பயிற்சியில் நான் போட்ட கூச்சலால் வந்த வினை. மேலதிகாரி பார்க்க வந்திருந்தார். எங்களில் மூத்தவரான கரடி அண்ணன் மாடி விளிம்பில் இறங்கத் தயாராக நின்றார். (ஆள் பருமன், அதனால் கரடி. குணத்தில் இல்லை. அதாவது, போன வாரம் வரை இல்லை.) இறங்கும் வேகத்தைப் பிடித்து நிறுத்துகிற டிசெண்டர் அவர் இடுப்பில். அதற்குள் கயிறு தலைகீழாகப் போயிருந்தது. அப்படிப் போட்டால் கைப்பிடியை விட்டாலும் பூட்டாது. கயிறு ஓடிக்கொண்டே இருக்கும்.

"நிறுத்துங்க! கயிறு தலைகீழா இருக்கு!" தெருவுக்கே கேட்டிருக்கும்.

தனியாகப் பாதுகாப்புக் கயிறு ஒன்று இருந்தது, வாஸ்தவம்தான். அது இருக்கிறதே என்று இதைக் கோட்டை விடலாமா?

அன்றிலிருந்து நான் அவருக்குத் "தங்கச்சி" இல்லை. "மேடம்".

ஜூலை 4, வெள்ளி

மேடமாம், மேடம்.

ஜூலை 9, புதன்

அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "பக்கத்துல போய் மெதுவா சொல்லியிருக்கலாம்ல? அத்தனை பேர் முன்னாடி ஒரு மனுஷனை... உன் வாய் இருக்கே!"

பக்கத்தில் போக நேரம் எங்கே இருந்தது? அவரைச் சுவரோடு பிடித்து வைத்திருந்த வாரைக் கழற்றக் கையை வைத்துவிட்டார். "சரிக்கா, தப்புதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். தப்பே இல்லை. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

குளியலறைக் கண்ணாடி இன்னும் அதே உயரத்தில்தான் தொங்குகிறது. என்னை விட்டுப் போன புருஷன் தன் உயரத்துக்கு மாட்டியது. எனக்கு நெற்றியும் கண்ணும் மட்டும் தெரியும். எக்கி எக்கித்தான் தலை வாருகிறேன். டிரில் மெஷின் கரடி அண்ணன் வீட்டில் இருக்கிறது. கேட்ட மாதிரிதான்.

ஜூலை 15, செவ்வாய்

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யார் இறங்கினாலும் ஜோடியாக நிற்பவர் தலைக்கவசம் முதல் ஷூ வரை ஒவ்வொரு பட்டையையும் கொக்கியையும் தொட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு "பார்த்தாச்சு" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வராமல் ஒருவரும் விளிம்பைத் தாண்டக் கூடாது. (அன்று மேலதிகாரி முன்னால் அவசரப்பட்டு, அதற்குக் காத்திராமல்தான் அவர் இறங்கப் போனார்.)

என் ஜோடியான கரடி அண்ணன் இப்போது எதையும் தொடுவதில்லை. எட்ட நின்று ஒரு பார்வை, அதுவும் என் தோளுக்கு மேலே எங்கேயோ. "ஓகே மேடம்." அவ்வளவுதான். நானே என்னைத் தடவிப் பார்த்துக்கொண்டு இறங்குகிறேன்.

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு நாளில் இன்னொரு மனித உயிர் என்னை முழுசாகப் பார்ப்பது அந்த ஒரு நேரம்தான். அதுவும் போச்சு.

ஜூலை 18, வெள்ளி

இடமாற்றம் கேட்டு எழுதிவிட்டேன். கொடுக்கவில்லை. கைப்பையில் இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் அழைப்பு. உயரமான கட்டடம், வெளிச்சுவரில் பெயின்ட் அடிக்கும் தொங்கு பலகையின் ஒரு பக்கக் கம்பி அறுந்துவிட்டது. பெயின்டர் மறுபக்கக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். காற்று வேறு. எடை குறைந்தவள் நான், நான்தான் இறங்க வேண்டும். என் பாதுகாப்புக் கயிற்றைப் பிடிப்பது கரடி அண்ணன்.

அந்தக் கயிறு முதுகுக் கொக்கியில் மாட்டுவது. இன்னொருவர்தான் மாட்டிவிட வேண்டும். கேட்க மனம் வரவில்லை. நானே கையைப் பின்னால் வளைத்து மாட்டினேன். க்ளிக் என்று சத்தம் கேட்டது. கேட்ட மாதிரி இருந்தது.

"ஓகே மேடம்" என்றார். கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்தேன். வாரைக் கழற்றப் போனேன்—

"ஏய்! தங்கச்சி! நில்லு! அசையாதே!"

ஓடி வந்து என் முதுகுப் பட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார். கொக்கியின் வாயில் என் ஜாக்கெட் துணி சிக்கி, அது மூடவே இல்லையாம். "இவ்வளவு பெரிய ஓட்டையை வெச்சுக்கிட்டு எங்கம்மா போறே?" மொட்டை மாடியில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது, சந்தோஷத்தில். என்ன பிறவியோ நான்.

துணியை எடுத்தார், கொக்கியைத் திருகினார், கயிற்றை வெடுக்கென்று இழுத்தார். பிறகு தலைக்கவசத்திலிருந்து ஆரம்பித்தார். ஒன்றையும் விடவில்லை.

"பார்த்தாச்சு. போ."

பெயின்டரை இடுப்புப் பட்டை போட்டு என்னோடு சேர்த்துக் கட்டும்போது அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அக்கா, என் டப்பா கீழ விழுந்துடுச்சு. யார் தலையிலயும் படலையே?"

திரும்பும்போது வண்டியில் கரடி அண்ணன் என் பக்கம் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நீ கத்தலைன்னா..."

"அண்ணி கத்தியிருப்பாங்க."

சிரித்துவிட்டார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்குத்தான் மூஞ்சியைக் காட்ட முடியலை, தங்கச்சி. அதுக்காக உன்னைப் பாக்காம விட்டேன் பாரு" என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

கரடி அண்ணன் டிரில் மெஷினோடு வந்தார், அண்ணியும் கூட. சுவர்த் தூசி தரையில் கொட்டாமல் இருக்க ஏதாவது பேப்பர் கேட்டார். கைப்பையில் இருந்ததை எடுத்து விரித்தேன். படித்துப் பார்த்தார். தூசி அதன் மேலேயே கொட்டும்படி சுவரில் ஓட்டை போட்டார்.

என் உயரத்துக்கு ஆணியை அடித்து, கயிற்றை இழுப்பது போல வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். "கண்ணாடி மாட்டச் சொன்னா, ஆளையே தொங்கவிடப் போற மாதிரி!" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். அவர் நகர்ந்து, என்னைப் பார்த்தார்.

நானும் இழுத்துப் பார்த்தேன்.

"பார்த்தாச்சு, அண்ணே."