நீங்கள் ஏற்க மறுத்த வேலை

இன்று காலை லிஃப்டில் யாரோ கைகளில் சானிடைசர் தேய்த்துக்கொண்டார்கள். அந்த வாடையோடு நீங்களும் என் நினைவில் வந்து நின்றீர்கள், மேடம். பதினைந்து ஆண்டுகள் வார்டில் நர்ஸாக இருந்த நீங்கள், மென்பொருள் நிறுவனத்துக்கு வந்த பிறகும் கை துடைக்காமல் நாற்காலியில் அமர்ந்ததில்லை.

மருத்துவமனைகளுக்கான எங்கள் மென்பொருளுக்கு நீங்கள் புராடக்ட் ஓனர். எந்த வேலை முதலில், எது முடிந்தது என்று சொல்லும் உரிமை உங்கள் ஒருவருக்கே இருந்தது. நான் கட்டிய முதல் திரையைப் பார்த்துவிட்டு நாகர்கோவில் தமிழில் கேட்டீர்கள்: "ஒரு கையில மருந்து, மறு கையில நோயாளி. உங்க பட்டனை நர்ஸு மூக்கால அமுக்கணுமா சார்?" அறையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவனே. சிரித்ததும் நான் மட்டுமே.

ஒவ்வாமை எச்சரிக்கை விஷயத்தில் நீங்கள் சிரிக்கவில்லை. நோயாளிக்கு ஆகாத மருந்தைக் கொடுக்கப்போனால் திரையை மறித்து நிற்கும் சிவப்புப் பெட்டி அது. நர்ஸுகளின் வேலை அதனால் தாமதமாகிறதென்று, அதை மூலையில் ஒரு புள்ளியாக்கச் சொன்னார் விற்பனைத் தலைவர்.

"கஸ்டமர் கேட்கிறார், மேடம்."

"கேட்கிறவர் வாங்குறவர். மாத்திரையை முழுங்குறவர் வேற ஆள்" என்று இந்தியில் சொல்லி மறுத்துவிட்டீர்கள்.

அவர் என் கருத்தைக் கேட்டார். நான் மேசையைப் பார்த்தேன். வெளியே வந்ததும், "வாய்ல என்ன சார், தெர்மாமீட்டரா?" என்றீர்கள்.

கோர்படிப் பகுதியில் இருந்த உங்கள் வீட்டில் உங்கள் உடலுக்கு நாங்கள் மாலை வைத்த மறுநாளே உங்கள் பொறுப்பை மூவருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆளுக்கொரு பங்கு. மறுக்கும் பங்கு யாருக்கும் இல்லை. இரண்டு வாரத்தில் அந்த மூலைப் புள்ளி, யார் பெயரும் இல்லாத 'ஏற்கப்பட்டது' என்ற குறிப்போடு என்னிடம் வந்தது. இரங்கல் கூட்டத்தில் உங்கள் அக்கறையைப் புகழ்ந்த அதே வாய்கள்தாம் அதை ஏற்றன.

நேற்று, அந்தப் புள்ளியோடு போகவிருந்த புதிய பதிப்பின் வெளியீட்டை நிறுத்தினேன்.

"நீங்கள் புராடக்ட் ஓனர் இல்லையே" என்றார் விற்பனைத் தலைவர்.

"இல்லை. இந்த மூவரில் யார் பெயரில் ஒப்புதல் போடட்டும்? ஒரு பெயர் போதும்" என்றேன்.

மூவரும் தத்தம் லேப்டாப்பைப் பார்த்தார்கள். வெளியீடு நின்றது.

என்னை வேறு குழுவுக்கு மாற்றும் கடிதம் இன்று மதியம் வந்துவிட்டது. எனக்குப் பின் வருபவருக்கான ஒப்படைப்புக் குறிப்பை எழுதிக்கொண்டிருக்கிறேன். மறுக்கப்பட்ட வேலை, மறுத்த காரணம், மறுத்தவர் என்று மூன்று கட்டங்கள். அந்தக் கடைசிக் கட்டத்தில் உங்கள் பெயர் மட்டுமே இருந்தது. அதன் கீழே என் பெயரையும் சேர்த்திருக்கிறேன்.